பசளை மானியமும் பொதுப் பணமும்

2015 ஆம் ஆண்டு வரை நெற்செய்கையாளர் ஒருவர் 50 கிலோகிராம் யூரியா மூடை ஒன்றை 350 ரூபா கொடுத்துப் பெற்றார். 2020 ஆம் ஆண்டில் அதனை விலையின்றியே பெற்றார். 2022 ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில் அதே மூடைக்கு 10,000 ரூபா கொடுத்தார். அஃது அரசாங்கம் குறித்த விலை. வெளிச் சந்தையில் அதனினும் மிகக் கூடிய விலைக்கே மூடை விற்கப்பட்டது.

மூடையினுள் இருந்த பசளை மாறவில்லை. நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் கொண்ட அதே வெண்குருணையே அது. மாறியது யாதெனில், அம்மூடையின் முழு விலையில் எவர் எவ்வளவு கொடுத்தனர் என்பதே. 350 ரூபாவுக்குப் பெற்ற காலத்திலும், இலவசமாகப் பெற்ற காலத்திலும் மூடையின் முழு விலை கொடுக்கப்பட்டே வந்தது. அதனைக் கொடுத்தவர் யார், எங்கிருந்து கொடுத்தார், கொடுக்க இயலாதபோது வயலில் யாது நிகழ்ந்தது என்பனவற்றைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று. திறைசேரிக் கணக்கு நமக்கு எதற்கு என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. அக்கணக்குப் பிழைத்தபோது முதலில் மஞ்சளித்தது நமது பயிரே.

மானியம் என்பது யாது?

பசளைக்கு உண்டாகும் செலவில் ஒரு பகுதியைக் கமக்காரரும், எஞ்சிய பகுதியை அரசாங்கமும் கொடுப்பதே பசளை மானியம் எனப்படும். அரசாங்கத்துக்கெனத் தனியே வயலும் இல்லை, விளைச்சலும் இல்லை. மக்கள் செலுத்தும் வரியும், அரசாங்கம் பெறும் கடனுமே திறைசேரியின் பெரும் வரவுகள். கடையிற் பொருள் வாங்கும்போது அதன் விலையுடன் வரியையும் சேர்த்தே கொடுக்கின்றோம். ஆதலால் கமக்காரரும் வரி செலுத்துபவரே. வரிப் பணம் போதாதவிடத்துக் கடன் வாங்கப்படுகின்றது. கடனுக்கு வட்டி உண்டு. அவ்வட்டியைப் பின்வரும் ஆண்டுகளில் நாமும் நம் பிள்ளைகளும் செலுத்துகின்றோம்.

இதனால் மானியம் தீது என்று கொள்ளலாகாது. குளம் கட்டுவதும் பாடசாலை நடத்துவதும் பொதுப் பணத்தினாலேயே. பொதுப் பணத்தைக் கொண்டு செய்யப்படும் எதனையும் போல, மானியமும் கொடுத்த பணத்துக்கு ஈடான பயனைத் தருகின்றதா என்று பார்க்கப்பட வேண்டியது என்பதே கருத்து.

மானியம் வந்த வழி

நம் முன்னோர் பயிரிட்ட நெல்லினங்களிற் பல நெடிது வளர்பவை. நைதரசன் மிகுந்தால் அவை கதிர் முற்றுமுன் சாய்ந்துவிடும். 1950 களின் பிற்பகுதியில் வெளிவந்த எச் 4 போன்ற இனங்களும், 1970 களில் பரவிய பீ.ஜீ. இனங்களும் இடப்படும் பசளைக்கு ஏற்ப விளைவு தந்தன. ஆயினும் பசளையை வாங்கி இட்டுப் பழகாத கமக்காரர் அச்செலவுக்குத் தயங்கினர். அத்தயக்கத்தை நீக்கும் பொருட்டே 1962 ஆம் ஆண்டில் பசளை மானியத் திட்டம் தொடங்கப்பெற்றது. புதிய இனம், நீர்ப்பாசனம், பசளை ஆகிய மூன்றும் சேர்ந்து நாட்டின் நெல் விளைவைப் பன்மடங்காக்கின என்பதில் ஐயமில்லை.

அன்று தொட்டு மானியம் பல உருவங்களை எடுத்தது. 1990 ஆம் ஆண்டில் முற்றாக நீக்கப்பட்டது. 1994 ஆம் ஆண்டில் மீண்டும் கொடுக்கப்பட்டது. 1997 ஆம் ஆண்டில் யூரியாவுக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது. 2005 ஆம் ஆண்டின் இறுதியில் நெற்செய்கைக்கு மூடை 350 ரூபா என்ற விலை குறிக்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டில் மூடைக்குப் பதிலாகப் பணம் கொடுக்கப்பட்டது. 2018 ஆம் ஆண்டில் மீண்டும் மூடை, 500 ரூபாவுக்கு. 2020 ஆம் ஆண்டில் இலவசம். 2021 ஆம் ஆண்டில் இறக்குமதித் தடை. அதன் பின்னர் மறுபடியும் பண உதவி. 2024 ஆம் ஆண்டில் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவாக இருந்த அத்தொகை 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

ஒரு கமக்காரர் தம் வாழ்நாளில் இத்தனை மாற்றங்களைக் கண்டிருக்கின்றார். இம்மாற்றங்களிற் சிலவற்றுக்குத் தேர்தற் கால வாக்குறுதிகளும் காரணம். ஆயினும் பெரும்பாலானவற்றின் பின்னே நின்றது ஒரே வினாதான்: இச்செலவைத் திறைசேரி எவ்வளவு காலம் தாங்கும்?

ஒரு மூடையின் கணக்கு

நம் நாட்டில் யூரியா உற்பத்தி செய்யப்படுவதில்லை. 1980 களில் சப்புகஸ்கந்தையில் இயங்கிய தொழிற்சாலை, செலவு கட்டுப்படாமையால் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. பொற்றாசியப் பசளையும் பிற நாடுகளிலிருந்தே வருகின்றது. எப்பாவலையில் பொசுபேற்றுப் பாறை உண்டு. எனினும் அது மெல்லக் கரைவதால் தேயிலை, தென்னை, இறப்பர் போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கே ஏற்றது. மூன்றரை மாத நெல்லுக்கு உடனே உதவாது. ஆகவே நம் பசளையின் விலையைக் குறிப்பது உலகச் சந்தை. அவ்விலையை ரூபாவிற் செலுத்த முடியாது. டொலரிலேயே செலுத்த வேண்டும்.

2008 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு உலகச் சந்தையில் ஒரு தொன் யூரியாவின் சராசரி விலை ஏறக்குறைய 490 டொலர். ஒரு டொலர் ஏறக்குறைய 108 ரூபா. எனவே ஒரு தொன் 52,920 ரூபா. ஒரு தொன்னில் 50 கிலோகிராம் மூடைகள் 20 உண்டு. ஆகவே ஒரு மூடையின் விலை ஏறக்குறைய 2,650 ரூபா. கப்பற்கூலி, துறைமுகச் செலவு, லொறிக்கூலி என்பன இதிற் சேரவில்லை. கமக்காரர் கொடுத்தது 350 ரூபா. எஞ்சிய 2,300 ரூபாவையும் மற்றைச் செலவுகளையும் திறைசேரி கொடுத்தது. எட்டு ரூபாவில் ஒரு ரூபாவளவே கமக்காரர் பங்கு.

2007 ஆம் ஆண்டில் பசளை மானியத்துக்கு அரசாங்கம் ஏறக்குறைய 1,100 கோடி ரூபா செலவிட்டது. 2008 ஆம் ஆண்டில் அச்செலவு 2,600 கோடி ரூபாவைத் தாண்டியது. கமக்காரர் கொடுத்த விலை அதே 350 ரூபா. உலக விலை மட்டுமே ஏறிற்று. இங்கேதான் மானியத்தின் உட்சிக்கலைக் காண்கின்றோம். கமக்காரருக்குரிய விலையை அசையாது நிறுத்தினால், உலக விலையின் ஏற்றம் முழுவதும் திறைசேரியின் தலையில் விழுகின்றது. வரவு செலவுத் திட்டம் ஆண்டுக்கு ஒருமுறை வகுக்கப்படுவது. உலக விலையோ மாதந்தோறும் மாறுவது. 2020 ஆம் ஆண்டில் தொன்னுக்குச் சராசரி 230 டொலரளவில் இருந்த யூரியா, 2022 ஆம் ஆண்டில் 700 டொலரை எட்டியது. ஈராண்டில் மும்மடங்கு உயரும் பொருளுக்கு மாறாத விலையை வாக்களிப்பது எளிது. அதனைக் காப்பது அரிது.

இச்சுமை நம்மை வந்தடையும் வழிகள்

முதலாவது, மானியத்துக்குச் சென்ற பணம் வேறு தேவைக்குக் கிடைக்காது. தூர்ந்த குளத்தைத் திருத்துவதற்கும், உடைந்த வாய்க்காலைக் கட்டுவதற்கும், நல்ல விதைநெல் பெருக்குவதற்கும், நோய்க்கு எதிர் நிற்கும் இனங்களை ஆராய்ந்து காண்பதற்கும் வேண்டிய பணம் அதே திறைசேரியிலிருந்தே வருகின்றது. மூடை ஒரு போகத்துடன் முடிந்துவிடும். திருத்திய குளம் பல போகங்களுக்கு நீர் தரும்.

இரண்டாவது, விலை மிகக் குறைந்த பொருளை எவரும் அளந்து செலவிடுவதில்லை. 100 ஏக்கர் கொண்ட ஒரு வயல்வெளியில் ஒவ்வோர் ஏக்கருக்கும் அரை மூடை யூரியா வேண்டியதற்கு மேலதிகமாக இடப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். மேலதிகம் 50 மூடை. 2008 ஆம் ஆண்டுக் கணக்கின்படி கமக்காரர் யாவரும் சேர்ந்து இழந்தது 17,500 ரூபா; பொதுப் பணத்தில் இழந்தது 1,15,000 ரூபா. பயிரோ அதனால் தழைத்து மென்மையாகி, எரிபந்த நோய்க்கும் கபில நிறத் தத்திக்கும் எளிதில் இரையாகின்றது. பின்னர் மருந்துச் செலவு வேறு.

மூன்றாவது, ஒரு பசளை மட்டும் மலிவாயின் பசளைகளின் சமநிலை குலையும். யூரியாவுக்கு மட்டும் மானியம் இருந்த ஆண்டுகளில், பொசுபரசும் பொற்றாசியமும் இடுவதைக் குறைத்து யூரியாவையே நாடும்படி விலை கமக்காரரைத் தூண்டியது. பயிர் மூன்று கால் முக்காலி போன்றது. ஒரு காலை மட்டும் நீட்டினால் முக்காலி நிமிராது, சாயும்.

நான்காவது, நெல்லுக்கு ஒரு விலையும் மரக்கறிக்கு வேறொரு விலையும் இருந்தபோது, வயலுக்கென வந்த மூடைகளிற் சில தோட்டத்துக்கும் வேறு பயிர்களுக்கும் சென்றன. அதனால் உண்மையில் நெல் விதைத்தவருக்கு உரிய காலத்தில் பசளை எட்டாத இடங்களும் உண்டு. மேலும், ஏக்கர்க் கணக்கில் கொடுக்கப்படும் உதவி, கூடிய நிலம் உடையவருக்கே கூடுதலாகச் சேர்கின்றது. அரை ஏக்கர் மிளகாயோ வெங்காயமோ செய்பவர் பெரும்பாலும் இவ்வுதவியின் ஓரத்திலேயே நின்றார்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் கொடியது, திடீர் நிறுத்தம். தாங்க முடியாத சுமையை மெல்ல இறக்கி வைக்கலாம். இறக்காமல் காலம் கடத்தினால் ஒருநாள் அது தானே விழும்.

2021 ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

2019 ஆம் ஆண்டு டிசெம்பரில் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15 இலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. வேறு வரிகளும் குறைக்கப்பட்டன. வரவு சுருங்கிய அவ்வேளையிலேயே, 2020 ஆம் ஆண்டில், நெற்செய்கைக்குப் பசளை இலவசம் ஆயிற்று. கொள்ளை நோயினால் உல்லாசப் பயண வருவாயும் நின்றது, டொலர் அரிதாயிற்று. 2020 ஆம் ஆண்டில் பசளை இறக்குமதிக்கு நாடு ஏறக்குறைய 26 கோடி டொலர் செலவிட்டிருந்தது. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. மக்களின் உடல்நலமே காரணமெனக் கூறப்பட்டது. டொலர்த் தட்டுப்பாடும் அப்போது இருந்தது.

அக்காலபோகத்தில் வயல் வரம்பில் நின்ற முதிய கமக்காரர் ஒருவர், இதனை எழுதுவோனை நோக்கி, “தம்பி, இலவசமாகத் தந்தபோது நான் கேட்டு வாங்கவில்லை. இன்றைக்குக் காசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறேன். ஒரு மூடை எங்கே?” என்றார். கூட்டெரு ஆக்கும் முறையை விளக்கச் சென்றிருந்தவனிடம் அதற்கு விடை இருக்கவில்லை. குடலைப் பருவத்துப் பயிர் அவர் பின்னே மஞ்சளித்து நின்றது.

கூட்டெரு நன்று, அதில் ஐயமில்லை. ஆயினும் கணக்கைப் பாருங்கள். இரண்டு மூடை யூரியாவில் 46 கிலோகிராம் நைதரசன் உண்டு. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் எனக் கொண்டால், அதே அளவைப் பெற ஏக்கருக்கு ஏறக்குறைய நாலரைத் தொன் கூட்டெரு வேண்டும். அதுவும் மெல்ல மெல்லவே பயிருக்குக் கிடைக்கும். ஒரே போகத்தில் நாடு முழுவதற்கும் அவ்வளவு கூட்டெருவை எவராலும் ஆக்க இயலாது.

தடை அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்பட்டது. ஆனால் விதைப்புக் காலம் கடந்துவிட்டது. உலக விலையும் ஏறிவிட்டது. 2020/21 காலபோகத்தில் ஏறக்குறைய 30 இலட்சம் தொன்னாக இருந்த நெல் விளைவு, 2021/22 காலபோகத்தில் 20 இலட்சம் தொன்னுக்கும் கீழே இறங்கிற்று. நட்டமடைந்த நெற்செய்கையாளருக்கு ஈடாக 4,000 கோடி ரூபா அறிவிக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் ஏழு இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட அரிசி ஏறக்குறைய 29 கோடி டொலருக்கு இறக்குமதி செய்யப்பட்டது. பசளையில் மிச்சம் பிடிக்க எண்ணியதினும் கூடிய டொலர் அரிசிக்குச் சென்றது. அவ்வாண்டு ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதையே நாடு நிறுத்தி வைக்க நேர்ந்தது. சிறுபோகத்துக்கு வேண்டிய யூரியாவும் இந்தியா கொடுத்த கடன் உதவியினாலேயே வந்து சேர்ந்தது.

இதிலிருந்து இரு பாடங்கள் தெளிவாகின்றன. அளவின்றிக் கொடுத்த மானியம் நிலைக்கவில்லை. முன்னறிவிப்பின்றி நிறுத்தியதும் பணத்தை மீதப்படுத்தவில்லை. கமக்காரருக்கு வேண்டுவது மிகக் குறைந்த விலையன்று. விதைக்குமுன் அறியத்தக்க விலையும், வேண்டிய நாளில் கைக்கு வரும் பசளையுமே.

மூடையா, பணமா?

மூடையாகக் கொடுக்கும்போது பசளை உரிய நாளில் வந்தால், கமக்காரர் கையிற் பணமின்றியே அதனை இடலாம். ஆனால் உலக விலை ஏற்றம் திறைசேரியைச் சாரும். வீண் செலவும் மிகும். பணமாகக் கொடுக்கும்போது அரசாங்கத்தின் செலவு முன்னரே வரையறுக்கப்படுகின்றது. கமக்காரரும் தம் மண்ணுக்கு வேண்டிய பசளையைத் தாமே தெரிந்து வாங்கலாம். யூரியாவைக் குறைத்தால் மீதம் அவருக்கே. ஆனால் விலை ஏறினால் அவ்வேற்றம் கமக்காரரைச் சாரும். பணம் வங்கிக்கு வரத் தாமதித்தால், அவர் கடன்பட்டே பசளை வாங்க வேண்டும். மேற்கட்டுப் பசளை இடும் நாள் கடந்தபின் வரும் பணம் அவ்விளைச்சலுக்கு உதவாது. எந்த முறையாயினும், காலந்தவறாமையே அதன் உயிர்.

நாம் செய்யத்தக்கவை

உலக விலையை நாம் மாற்ற இயலாது. திறைசேரியின் முடிவும் நம் கையில் இல்லை. இட்ட பசளை பயிருக்குச் சேர்வது மட்டும் பெரும்பாலும் நம் கையிலேயே உள்ளது. நீர் நிற்கும் வயலில் இடப்படும் நைதரசனில் பாதிக்கும் குறைவே பொதுவாகப் பயிரைச் சேர்கின்றது. எஞ்சியது வாயுவாகவும் நீருடனும் போய்விடுகின்றது. ஒரு காலபோகத்தில் நாடெங்கும் 7 இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் நெல் விதைக்கப்படுகின்றது. ஹெக்டேயருக்கு 10 கிலோகிராம் யூரியா மீதப்படுத்தினாலும் 7,000 தொன் மீதமாகும். 2022 ஆம் ஆண்டு விலையில் அது 49 இலட்சம் டொலர். ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

1. விதைப்புக்கு முன் மண்ணைப் பரிசோதிப்பியுங்கள். தொடர்ந்து பொசுபேற்று இட்டு வந்த வயல்களிலும் மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களிலும் பொசுபரசு தேங்கியிருத்தல் கூடும். தேங்கியிருப்பதை மீண்டும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

2. யூரியா முழுவதையும் ஒரே முறையில் இடாதீர்கள். உங்கள் இனத்தின் வயதுக்கு ஏற்ப, விதந்துரைக்கப்பட்ட நாட்களிற் பிரித்து இடுங்கள். இலைநிற அட்டை கிடைப்பின், அதனுடன் இலையை ஒப்பிட்டுப் பார்த்தபின் இடுங்கள்.

3. மேற்கட்டுப் பசளை இடுமுன் களையை அகற்றுங்கள். களைக்கு இட்ட பசளையும் பணமே.

4. இடும்போது நீரை வடித்து, மண் ஈரமாய் இருக்கும் நிலையில் இடுங்கள். பின்னர் நீர் பாய்ச்சி வாய்க்கடையை அடையுங்கள். பெருமழை வரும் அறிகுறி இருப்பின் ஓரிரு நாள் பொறுங்கள்.

5. வைக்கோலை எரியாதீர்கள். பயிர் எடுத்த பொற்றாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே உள்ளது. அதனை வயலிற் பரப்பி உழுதால், வாங்க வேண்டிய மியூரியேற்றுப் பொட்டாசு குறையும்.

6. பூவரசு, சீமைக்கிளுவை முதலியவற்றின் குழை தாழ்த்தல், மாட்டுப்பட்டி ஆட்டுப்பட்டி அடைத்தல், கூட்டெரு இடல் ஆகிய பழைய வழக்கங்களைக் கைவிடாதீர்கள். இவை இரசாயனப் பசளைக்குப் பதிலன்று, துணை. மண்ணில் சேதனப் பொருள் மிகுந்தால் இட்ட பசளை கழுவுண்டு போவது குறையும்.

7. மரக்கறி செய்வோர் நீர் பாய்ச்சும் அளவுக்கு ஏற்பச் சிறுகச் சிறுகப் பசளை இடுக. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறை நிலத்தில் மிகுதியாக இட்ட நைதரசன் நைத்திரேற்றாகிக் கிணற்று நீரைச் சேர்கின்றது. அந்நீரையே நம் பிள்ளைகள் குடிக்கின்றனர்.

8. ஒவ்வொரு போகத்துக்கும் பசளையின் முழுச் சந்தை விலையைக் குறித்துக் கணக்கெழுதுங்கள். மானியம் கிடைப்பின் அதனை வேறாகக் காட்டுங்கள். மானியம் இல்லாவிடினும் இச்செய்கை கட்டுமா என்பதை அக்கணக்கு ஒன்றே உங்களுக்குச் சொல்லும். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைக் கேட்பதற்கும் அதுவே சான்று.

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் பழமொழி. வாய்க்கடை திறந்த வயலில் அளவின்றி இட்ட யூரியா உண்மையாகவே ஆற்றுக்குத்தான் செல்கின்றது. அதனுடன் செல்வது கமக்காரரின் 350 ரூபா மட்டுமன்று. யாவரும் சேர்த்த பொதுப் பணமும், நாடு தேடிய டொலருமாகும். வரப்போகும் போகத்தில் மூடை வருமோ, பணம் வருமோ, இரண்டும் வாராதோ என்பது எதுவாயினும், அளந்து இடப் பழகிய கமக்காரரின் வயல் அம்மாற்றத்தைத் தாங்கும்.